துணிப்பொம்மையும் உவமைப் பொருளும்

பொம்மை என்னுஞ் சொல் பிறர் ஆட்ட ஆடுவோனைக் குறிக்குங்கால் உவமையாகுபெயராம். 'பொம்மை அரசு' என்னும் வழக்கு இதற்குச் சான்று. இப்பொருள் எல்லாப் பொம்மைக்கும் பொதுவெனக் கொள்வாருளர். அது பொருந்தாது என்பது எம் கருத்து. பொம்மை எதனாற் செய்யப்பட்டதோ, அதன் இயல்பே உவமையின் பொருளை வரையறுக்கின்றது.

திருவள்ளுவர் இவ்வேறுபாட்டைப் போற்றியுள்ளார். நுண்ணறிவு இல்லானது அழகிற்கு மண்பாவையை (407) உவமை கூறிய அவர், நாணிலார் நடமாட்டத்திற்கும் (1020), இரப்போர் இல்லாத உலகின் இயக்கத்திற்கும் (1058) மரப்பாவையையே கொண்டார். மண் வனப்பிற்கு; மரம் இயக்கத்திற்கு. இடம் மாற்றின் உவமை கெடும்.

துணிப்பொம்மை இவ்விரண்டனுள்ளும் அடங்காது. அதனை ஆட்டுங் கயிறு இல்லை; வனப்பும் சிறிதே. கந்தலைச் சுருட்டி முடிந்தால் தலையாகிவிடும். எலும்புபோல் உள்நின்று தாங்குவது யாதும் இன்மையின், பிடித்த கை விட்டவுடன் துவண்டு விழும். ஆதலின் 'துணிப்பொம்மைபோற் கிடந்தான்' என்புழித் தோன்றுவது அடிமைத்தன்மை அன்று; வலுவிழப்பே.

சென்னையின் மேற்புறத்து அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில், கட்டி முடியாத வீடுகளின் முகப்பில் தொங்கும் திருஷ்டிப் பொம்மையை நோக்குக. பழஞ்சட்டையிலும் காற்சட்டையிலும் வைக்கோல் திணித்துக் கட்டப்படுவது அது. புறம் துணியே ஆயினும், அகம் நிறைந்தமையின் துவள்வதில்லை. எனவே ஒருவனைத் திருஷ்டிப் பொம்மை என்று எள்ளுவோர் அவன் தளர்ச்சியைக் கருதுவதில்லை, கோலத்தையே நகைக்கின்றனர். (கண்ணேறு கழிக்க வந்த பொம்மை, தானே கண்பட நிற்பது வேறு செய்தி.)

அகராதி தொகுப்போர் பொம்மை என்னுந் தலைச்சொல்லின்கீழ் இப்பொருள்களை ஒன்றாக்காது வேறுவேறாகத் தருதல் வேண்டும்.