ரேடியேட்டருக்குள் தே ஓவா, தே தாரேக்கா?

தீபாவளி, தைப்பூசம் நெருங்கினால் கார் பட்டறைகளில் கூட்டம் நிற்கும். எண்ணெய் மாற்ற வந்தவரிடம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து காட்டி, "தண்ணி அழுக்கா இருக்குண்ணே, கழுவிடலாமா?" என்று கேட்பது அங்கே வழக்கம். சிலர் நிறத்தைப் பார்த்ததும் பயந்து தலையாட்டுகின்றனர். வேறு சிலர், "வந்து பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அதே காரில் பிள்ளை குட்டிகளோடு பினாங்குக்குக் கிளம்பிவிடுகின்றனர். ஆனால் அது என்ன அழுக்கு என்று பார்த்த பிறகுதான் கழுவுவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்ய முடியும்.

உறைபனி இல்லாத மலேசியாவில் கூலண்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் ஏறக்குறைய 106 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தம் அதை இன்னும் மேலே தள்ளும். அதைவிட முக்கியம், அதில் உள்ள துருத்தடுப்பு மருந்து. அது காலப்போக்கில் செலவாகித் தீர்ந்துவிடும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவின் இஞ்சின் அடிப்பாகம் இரும்பு, மேல்பாகம் அலுமினியம். இப்படிப்பட்ட இஞ்சினில் மருந்து தீர்ந்த தண்ணீர் ஓடினால் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும்.

சோதிக்க ஒரு கண்ணாடிப் புட்டி போதும். காலையில் இஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரிலிருந்தே கொஞ்சம் எடுக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியில் கை வைக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியல்ல. பழைய தொட்டியில் கறை படிந்திருக்கும், உள்ளே ஓடும் கூலண்ட் நன்றாகவே இருக்கலாம். எடுத்ததை ஓரிரவு அசையாமல் வைத்தால் துரு அடியில் படியும், எண்ணெய் மேலே மிதக்கும்.

தே ஓ போலப் பழுப்பாக, அடியில் வண்டலோடு இருந்தால் அது துரு. இதைக் கழுவலாம், கழுவவும் வேண்டும். தே தாரேக் போலப் பால் கலந்த நிறமாக, பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இதைக் கழுவுவது காசைக் கால்வாயில் போடுவதுதான். ஓட்டை அடைபடாதவரை எண்ணெய் மறுபடியும் வந்து கலக்கும். குளிர்ந்த இஞ்சினை மூடி இல்லாமல் முடுக்கும்போது குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தாலும், வெளியே ஒழுகாமல் தண்ணீர் குறைந்தாலும் சந்தேகம் உறுதியாகிறது. எண்ணெய் மூடியின் உட்புறம் மட்டும் லேசாக வெள்ளை படிந்திருந்தால் பதற வேண்டாம். கிட்டத்திலேயே ஓடும் காரில் ஈரம் அப்படிப் படிவதுண்டு. ஆனால் ஆட்டோ கியர் காரில் ரேடியேட்டருக்குள் இளஞ்சிவப்புக் குழம்பு தெரிந்தால், கியர் எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். அந்தக் காரை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே நல்லது.

துருவைக் கழுவுவதிலும் நிதானம் வேண்டும். பல வருடம் கவனிக்காத இஞ்சினில் கடுமையான மருந்தை ஊற்றினால் பெயர்ந்த துரு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். அதுவரை துருவே அடைத்து வைத்திருந்த ஓட்டைகளும் திறந்துகொள்ளும். பழைய காருக்கு வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசுவதே மேல். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பாதிக்கு மேல் வராது, மீதி இஞ்சினுக்குள் நிற்கும். ஆகவே நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை இஞ்சினை ஓடவிட்டு, ஆறிய பின் வடிக்க வேண்டும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர். கொள்ளளவு 5 லிட்டர் என்று கார் புத்தகத்தில் இருந்தால், கலக்காத கூலண்டை இரண்டரை லிட்டர் முதலில் ஊற்றிவிட்டுப் பிறகுதான் நீர் சேர்க்க வேண்டும். உள்ளே தங்கிய நீரைக் கணக்கில் கொள்ளாததால்தான் பலருடைய கலவை நீர்த்துப் போகிறது. பச்சை, சிவப்பு என்பது வெறும் சாயம். நிறம் ஒன்று என்பதால் வகையும் ஒன்று என்று நம்பிக் கலந்தால் மருந்தின் ஆயுள் குறையும், சில வகைகள் கூழாகவும் ஆகும்.

வேலை முடிந்த கையோடு ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்துக்குக் காரைக் கொண்டு போக வேண்டாம். உள்ளே காற்று சிக்கியிருந்தால் ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று நாள் உள்ளூரிலேயே ஓட்டி, காலைதோறும் அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பலாம். வெப்ப முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் ஓரங்கட்டி இஞ்சினை அணைக்க வேண்டும். "அடுத்த ஓய்விடம் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டிய எத்தனையோ கார்களில் அலுமினிய மேல்பாகம் வளைந்திருக்கிறது.

வடித்த பழைய கூலண்டை வீட்டு முன் கால்வாயில் ஊற்றக் கூடாது. அது இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயும் பூனையும் நக்கும், சின்னப் பிள்ளைகளும் வாயில் வைக்கும். மூடியுள்ள டின்னில் ஊற்றி, எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைத்துவிடலாம்.