192 கட்டத்துக்குள் மரியோ

வீடியோ கேம் உலகின் மிகப் புகழ்பெற்ற ஆளான மரியோவைப் பிளாஸ்டிக் மணிகளால் செய்ய 192 கட்டங்கள் போதும். அகலத்துக்கு 12, உயரத்துக்கு 16. ஒரு மணியின் குறுக்களவு 5 மி.மீ. என்பதால், ஆள் 6 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமுமாக உள்ளங்கையில் உட்கார்ந்துவிடுவார். முளைகள் வரிசையாக நிற்கும் பலகையில் மணிகளை ஒவ்வொன்றாகச் செருகி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தால் உதிரி மணிகள் ஒரே துண்டாகிவிடும். சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் இந்த மணியை உருகுமணி என்போம். டென்மார்க்கின் ஹாமா, அமெரிக்காவின் பெர்லர் ஆகியவை இதில் பெயர் பெற்றவை.

மணி என்று சொன்னாலும் இது நறுக்கிய குழாய்தான். துளை போடும் வேலையே இல்லை. அது குழாயோடு பிறந்தது. இதன் அருமை தெரிய வேண்டுமானால் பெருந்துறை வட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் கொடுமணலுக்குப் போக வேண்டும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணித் தொழில் நடந்த ஊர் அது. சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் என விதவிதமான மணிகள் அகழாய்வில் கிடைத்தன. துளையிட்டவை, துளையிடாதவை, மெருகேறாதவை என வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. பளிங்கு இரும்பைவிடக் கடினம். அதைவிடக் கடினமான ஒன்றை வைத்துப் பொறுமையாக அரைத்து அரைத்துத்தான் உள்ளே போக முடியும். மணி செய்பவருக்குத் துளைதான் பெரிய சோதனை.

மரியோவுக்கு வருவோம். 1981-இல் ‘டாங்கி காங்’ விளையாட்டுக்காக ஷிகெரு மியமோட்டோ இவரை உருவாக்கியபோது கையில் இருந்தது சில கட்டங்கள்தான். அத்தனை சிறிய இடத்தில் முடி வரைவது கஷ்டம், தொப்பி போட்டார். வாய் தெரியாது; மீசை வைத்தார். ஓடும்போது கைவீச்சு தெரிய வேண்டும். சட்டைக்கு ஒரு நிறம், தோள்பட்டை வைத்த கால்சட்டைக்கு வேறு நிறம் கொடுத்தார். நாம் அடையாளம் சொல்லும் அத்தனையும் இடநெருக்கடியில் பிறந்தவை!

1985-இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ இன்னும் சிக்கனம். அந்த விளையாட்டு ஓடிய நின்டென்டோ கருவி ஓர் உருவத்துக்கு மூன்றே நிறம் தந்தது. தொப்பிக்கும் கால்சட்டைக்கும் சிவப்பு. முடி, மீசை, கண், சட்டை, செருப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு. மூன்றாவது, முகத்துக்கும் கைக்குமான தோல் நிறம். கால்சட்டையில் மின்னும் இரண்டு பித்தான்களை உற்றுப் பாருங்கள்: அவையும் தோல் நிறம்தான். மணி கோப்பவருக்கு மூன்று பொட்டலம் போதும்.

இந்த உருவம் அடங்கும் 16-க்கு 16 சதுரத்துக்கு நினைவகத்தில் ஆகும் இடம் 64 பைட். கைபேசியில் ‘பெருந்துறை வந்துட்டேன்’ என்று நாம் தட்டும் செய்திக்கு, இன்றைய யூனிகோடு (யூடிஎஃப்-8) கணக்கில் ஆவதும் சரியாக 64 பைட்தான். நிற்கும் மரியோவுக்கு அதுகூட முழுதாகத் தேவைப்படவில்லை. ஒரு காலை மட்டும் வரைந்து வைத்து, மறு காலுக்கு அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

இனி சூடு. இந்த மணிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். நாம் தூக்கிவரும் பிளாஸ்டிக் பையின் சொந்தக்காரர். அதன் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸில் இறுக்கம் தளர்ந்து, பக்கத்து மணியின் சங்கிலிகளுக்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. ஆறியதும் பிரிக்க முடியாது. இங்கே பசைக்கு வேலையில்லை. சங்கிலிகள் நீளம் என்பதால் உருகினாலும் தண்ணீராக ஓடாது. அதனால்தான் சிவப்பும் பழுப்பும் கலக்காமல் அதனதன் இடத்தில் நிற்கின்றன. பெட்டிக்கும் மணிக்கும் நடுவே கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள் ஒன்று அவசியம். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். சூடு பட்ட பக்கம் அதிகமாக இழுக்க, ஓரம் வளைந்துகொள்ளும். ஆறும்வரை மேலே ஒரு கனமான புத்தகம் வைத்தால் தட்டையாக நிற்கும்.

கட்டம் கட்டமாகப் படம் போடுவது பெருந்துறைப் பக்கத்துக்குப் புதிதல்ல. தெற்கே சென்னிமலையில் போர்வையில் பூவும் மயிலும் பூப்பது இப்படித்தான். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்றால் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். துளை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே எழும்பும். இல்லையென்றால் கீழே தங்கும். பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் செய்து காட்டிய வித்தை இது.

நெசவு வடிவமைப்பாளர் கவனிக்கும் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அங்குலத்துக்குள் பாவு இழைகள் எத்தனையோ, ஊடை இழைகளும் அத்தனை இருக்க வேண்டியதில்லை. சதுரக் கட்டத்தில் வட்டம் வரைந்தால் துணியில் முட்டையாகிவிடும். அதனால் இழை விகிதத்துக்கு ஏற்றபடி கட்டங்களை நீள்சதுரமாகக் கோடு போட்ட தாளில் வரைகிறார்கள். மரியோவின் பழைய தொலைக்காட்சிக் கட்டமும் சதுரமல்ல; உயரம் 7 என்றால் அகலம் 8. உருகுமணியோ அச்சுச் சதுரம். ஆகவே மணியில் கோத்த மரியோ, 1985-இல் திரையில் ஓடியவரைவிட எட்டில் ஒரு பங்கு ஒல்லி.