உஷார்! அந்த வீடு மரத்தின் மேல் நிற்கலாம்

கால்கரியிலோ எட்மன்டனிலோ ரெஜைனாவிலோ வீடு தேடிக்கொண்டிருக்கிறீர்களா? அதே தெருவில் மற்ற வீடுகளைவிட ஒன்றின் விலை மட்டும் இறங்கியிருந்தால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். முதலில் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கி, வெளிச்சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். கான்கிரீட்டுக்குப் பதில் மரமாக இருக்கலாம்.

நம்மூரில் பேஸ்மென்ட் என்றால் தரைக்கு மேல் எழுப்புகிற மேடை. கனடாவில் அது மண்ணுக்குள் இறங்கும் ஒரு முழுத் தளம். அதன் சுவர்களை மரச்சட்டமும் ப்ளைவுட்டுமாக எழுப்பும் வழக்கம் 1960-களிலிருந்தே இங்கே உண்டு. திருட்டு வேலை அல்ல, சி.எஸ்.ஏ. எஸ்406 என்று அதற்கெனத் தரநிலையே இருக்கிறது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். லேசாகப் பச்சை ஓடியிருப்பது அதனால்தான். அடியில் சரளைப் படுகை, வெளிப்பக்கம் பாலிதீன் தாள், தண்ணீர் வடிய வழி, மூன்றும் சரியாக அமைந்தால் அந்த வீடு பல பத்தாண்டுகள் நிற்கும்.

சரியாக அமையாத வீடுதான் என்னைப் பதற வைக்கிறது. மருந்து மரத்தின் நடுப்பகுதிவரை போய்ச் சேர்வதில்லை. அறுத்த முனைகளில் மறுபடி மருந்து பூசாமல் விட்டிருந்தால் பூஞ்சை அந்த வழியாகவே நுழையும். இந்தப் பகுதியின் களிமண்ணும் பொல்லாதது. பனி உருகி நனைந்தால் ஊதிப் பெருத்துச் சுவரை உள்நோக்கித் தள்ளும். அந்தச் சுவரை மேலே வீட்டின் தரைச்சட்டங்களும் கீழே பேஸ்மென்ட் தரையும்தான் பிடித்து நிறுத்துகின்றன. அவை இரண்டும் அமையும் முன்பே வெளியில் மண்ணைக் கொட்டி நிரப்பியிருந்தால், கட்டும்போதே சுவர் வளையத் தொடங்கிவிடும்.

உறவினர் ஒருவருக்காக நான் பார்க்கப்போன வீட்டில் பேஸ்மென்ட் முழுக்கப் புது ஜிப்சம் பலகை, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஹீட்டர் வைத்த அறையில் மட்டும் சுவர் மூடப்படாமல் இருந்தது. கூட வந்த இன்ஜினீயர் அங்கே மூலைக்கு மூலை ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். நடுவிலிருந்த சட்டங்கள் நூலை முட்டித் தள்ளின. பிறகு குனிந்து, தரையோரச் சட்டத்தில் ஒரு குத்தூசியை வைத்து அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது. அதைப் பார்த்த உறவினரின் மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வழக்கமான ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் இதற்குப் போதாது. அதைச் செய்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவார்கள், சுவரைத் திறந்து பார்க்க மாட்டார்கள். மர அஸ்திவாரத்தில் அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைத் தனியாக அழையுங்கள். மறைத்த சுவரில் ஓரிரு இடத்தையாவது திறந்து காட்டச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் அந்த வீடு வேண்டாம். வங்கியிடமும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டியே பேசுங்கள். இன்ஜினீயர் அறிக்கை இல்லாமல் இப்படிப்பட்ட வீட்டைத் தொடத் தயங்குபவர்கள் உண்டு.

ஆஃபரில் போட்ட கண்டிஷன்களை நீக்கிக் கையெழுத்திட்ட பிறகு பின்வாங்கினால் டெபாசிட் பணம் போய்விடலாம். எத்தனை பேர் போட்டிக்கு நின்றாலும் சரி, இன்ஜினீயர் அந்த மரத்தை நேரில் பார்த்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.