விமானத்தில் இருந்து பயணியை இறக்கிவிடலாமா? விதி சொல்வது இதுதான்!

புதியம்புத்தூர் மக்களுக்குப் பக்கத்து விமான நிலையம் தூத்துக்குடி வாகைக்குளம். 2018 செப்டம்பர் 3-ம் தேதி, சென்னையில் இருந்து அங்கு வந்த விமானத்தில் மாணவி ஒருவர், உடன் பயணித்த அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் தமிழிசை சௌந்தரராஜன் முன்பு அக்கட்சிக்கு எதிராக முழக்கமிட்டார். தமிழிசையின் புகாரில் மாணவி கைதானார். 2023-ல் அந்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது.

அப்போ, எது ரகளை? யார் முடிவு செய்வது?

இறக்கிவிடுவது: கிளம்பும் முன் பயணியை இறக்குவது கேப்டனின் முடிவு.

பறக்கத் தடை: இது வேற விஷயம். டிஜிசிஏ-வின் 2017 விதிப்படி, வாய்த்தகராறு என்றால் 3 மாதம் வரை தடை. கைகலப்பு, பாலியல் சீண்டல் என்றால் 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் குறைந்தது 2 ஆண்டு. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பயணி மறுபடியும் பறக்கலாம். தடை விதித்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

உடல் வாடை: இந்த 3 நிலைகளிலும் இது இல்லை. விமான நிறுவனங்களின் பயண நிபந்தனையில்தான் வரும். 2019-ல் மியாமியில் ஒரு குடும்பத்தை இதே காரணம் சொல்லி இறக்கியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். ஆனால் நோய், மாற்றுத்திறனால் வரும் வாடைக்கு அந்நிறுவன நிபந்தனையே விலக்கு தருகிறது.

இறக்கிவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்க. டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரமா வச்சுக்கோங்க.