செவி வழியே மொழி

பேச்சு நாவிலே பிறப்பதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது செவியிலே பிறக்கின்றது. தாயின் பேச்சைப் பல மாதங்கள் கேட்ட பின்னரே குழந்தை தன் முதற் சொல்லைச் சொல்லுகின்றது. செவிப்புலன் குறைந்த பிள்ளையின் நாவிலும் தொண்டையிலும் பெரும்பாலும் குறையெதுவும் இராது. பிறர் பேச்சு அதன் மூளையைச் சென்றடையாமையே அது பேசாதிருப்பதற்குக் காரணம்.

மொழியை ஏற்கும் ஆற்றல் முதற் சில ஆண்டுகளிலேயே மிகுதி. ஆதலின் பிறந்து 1 மாதத்துள் செவியைச் சோதித்தல், 3 மாதத்துள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துள் உதவியைத் தொடங்குதல் என வல்லுநர் கால எல்லை வகுத்துள்ளனர். "வளர வளரப் பேசும்" என்று காத்திருப்பதிற் கழியும் ஆண்டுகள் மீளா. கதவு தட்டும் ஓசைக்குத் திரும்பும் பிள்ளை பேச்சையும் தெளிவாகக் கேட்கின்றது என்று துணிதல் ஆகாது. தாழ்ந்த ஒலிகள் கேட்கும் சிலருக்கு ஸகரம் போன்ற கூரிய ஒலிகள் கேளா.

கேட்டற் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். அதனாற் பயன்பெறாத கடுங்குறைவுக்கு, செவி நரம்பை நேரே தூண்டும் உட்செவிக் கருவி உண்டு. 1978 இல் மெல்பேண் நகரிலே கிரேயம் கிளார்க் குழுவினர் பொருத்திய கருவி இத்துறையில் ஒரு திருப்பமாயிற்று. எனினும் கருவி ஒலியைத் தருமேயன்றிப் பொருளைத் தராது. பொருளைத் தருபவர் வீட்டாரே.

பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருத்தல் வேண்டும். பிள்ளையுடன் பேசும்போது வானொலியையும் நிறுத்திவிடுங்கள். வானொலியிற் பேசும் நானே இதனைச் சொல்லுகின்றேன். அருகிலமர்ந்து இயல்பான குரலிற் பேசுங்கள். உரக்கக் கத்தினாற் சொல்லின் வடிவம் சிதையும். ஒன்றைக் கேட்டபின் விடைக்குச் சற்றுப் பொறுத்திருங்கள். நாள்தோறும் காலையிற் பிள்ளையின் பின்னே நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளையும் சொல்லிப் பாருங்கள். டானியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த இச்சோதனை, பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பிள்ளைக்குக் கேட்கின்றதா என்பதைக் காட்டும். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேளாவிடின் முதலில் மின்கலத்தைப் பாருங்கள். அது நன்றாயிருப்பின் வைத்தியரை நாடுங்கள்.

உதட்டசைவைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாகாதா என்பீர்கள். "பல்லி", "மல்லி" என்று கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றே. அவற்றைப் பிரித்தறிவது செவி. அடுக்களையில் மல்லியைக் கையிலெடுத்து அச்சொல்லைச் சொல்லுதலும் ஒரு பாடமே.

கருவியாற் போதிய பயன் பெறாத பிள்ளைக்குச் சைகை மொழியை மறுத்தல் தகாது; அதுவும் முழுமையான மொழியே. 1912 இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும், கைதடி நவீல்ட் பாடசாலையும் இத்தகைய பிள்ளைகளின் கல்விக்காக எழுந்தவை.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். அழைத்தும் திரும்பாத மாணவனைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன், அவனுடைய செவியைச் சோதிப்பிக்குமாறு பெற்றோருக்குச் சொல்லுங்கள்.