புதினாத் தண்ணி: வெயிலுக்கு நல்லது, இலை மட்டும் கவனம்

குளிர் நாடு என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் 2022 யூலை 19ஆம் திகதி இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், கொனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. அப்படியான நாட்களில் அரைவாசிதான் திறக்கும் யன்னலோட ஒரு அறைக்குள்ள இருக்கிறது லேசில்லை. சோடா வாங்கியே கையில இருக்கிற காசு முடிஞ்சுபோம். ஒரு பிடி புதினாவும் கேத்திலும் இருந்தால் நல்ல குளிர்பானம் நீங்களே செய்யலாம்.

சுப்பர்மார்க்கெட்டில் புதினா சின்னச் சாடியோடு விற்கிறார்கள். அதில் ஒரு சாண் தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கிளாஸ் தண்ணியில் யன்னலோரம் வையுங்கள். ஒன்றிரண்டு கிழமையில் வேர்விடும். பிறகு சாடியில் நடுங்கள். நிலத்தில் நட்டால் கண்டபடி பரவும். வீட்டுக்குப் பொறுப்பானவரைக் கேளாமல் தோட்டத்தைக் கிண்டவும் வேண்டாம். அங்கே கிடைக்கிற பேசில் எங்கட துளசி இல்லை. சமையலுக்கு நல்லது, குடிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு கோப்பைக்கு ஒரு பெரிய பிடி இலை போதும். கழுவி, கையால் கசக்கி, கோப்பையில் போட்டு, நன்றாகக் கொதித்த தண்ணியை இலை மூடுமட்டும் ஊற்றுங்கள். மேலே ஒரு தட்டால் மூடி 10 நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். கனநேரம் ஊறினால் கசக்கும். வடித்து, சூடு ஆறமுதல் சீனி கரையுங்கள், குளிர்ந்தபின் கரையாது. பிறகு அதே அளவு குளிர்ந்த தண்ணி அல்லது ஐஸ் கட்டி, தேசிக்காய்ப் புளி கொஞ்சம். குசினிப் பைப் தண்ணி இங்கே அப்படியே குடிக்கலாம். பழைய கட்டிடங்களில் குளியலறைப் பைப் தண்ணி தாங்கியில் இருந்து வரலாம், அதைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பிறிட்ஜ் இல்லையா? கோப்பையைக் குளிர்தண்ணிப் பேசினுக்குள் வைத்து, தண்ணியை இரண்டு தரம் மாற்றுங்கள். உடனே குடித்து முடியுங்கள். பிறிட்ஜில் வைத்தாலும் அடுத்த நாளுக்கு மேல் வேண்டாம். இலையைப் பச்சைத் தண்ணியில் போட்டு வெயிலில் வைக்கிற முறையும் இருக்கு. அதைச் செய்யாதீர்கள், இளஞ்சூட்டில் கிருமி பெருகும். கொதிதண்ணியைச் சோடாப் போத்தலுக்குள்ள ஊத்தவும் வேண்டாம், நெளிஞ்சு கையைச் சுட்டுப்போடும்.

இனித்தான் முக்கியமான விசயம். ஊரில வேலியோரம் நிக்கிற முசுட்டை எது, மொசுமொசுக்கை எது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவம். இங்க அந்த அறிவு உதவாது. ஃபொக்ஸ்குளோவ் என்று ஒரு செடி, தோட்டங்களிலும் பற்றைகளிலும் தானாக முளைக்கும். பூத்தால் நீளத் தண்டில் ஊதா நிற மணிபோலப் பூக்கள் தொங்கும். பூக்க முதல் நிலத்தோடு ஒட்டிய மெல்லிய மயிருள்ள இலைகள்தான் தெரியும். இங்குள்ளவர்களே அதை கொம்ஃப்ரி என்ற வேறு இலை என நினைத்து ஊறவைத்துக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே கடையில் பெயரோடு வாங்கிய செடி, அல்லது நன்றாகத் தெரிந்தவர் காட்டித் தந்த செடி, இவை இரண்டும்தான்.

செயின்ற் ஜோன்ஸ் வோர்ட் என்று மனச்சோர்வுக்கு விற்கும் மூலிகையும் அப்படித்தான். அது நஞ்சல்ல. ஆனால் கர்ப்பத்தடைக் குளிசை, இரத்தம் உறையாமல் எடுக்கும் மருந்து போன்றவற்றின் வேலையைக் குறைத்துவிடும். மனச்சோர்வுக் குளிசையோடு சேர்ந்தால் ஆபத்து. மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் புது மூலிகை எதையும் குடிக்க முதல் டொக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேளுங்கள்.

தெரியாத இலையைக் குடித்துவிட்டால், ஒன்றும் செய்யவில்லை என்றாலும், உடனே 111க்கு இலவசமாக அழையுங்கள். "தமிழ் இன்ரர்பிறீற்றர் பிளீஸ்" என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுக் கஷ்டம் என்றால் 999. விசா இன்னும் வரேல்லையே எண்டு பயந்து பேசாமல் இருக்க வேண்டாம், புகலிடம் கேட்டிருப்பவருக்கும் அவசர சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். போகும்போது அந்தச் செடியில் ஒரு கொப்பையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.