பச்சிலை போன பாதை – 9: ஆடு தொடாத இலை

திருமுல்லைவாயிலில் என் நண்பர் வீட்டு வேலி முழுக்க ஆடாதோடை. போன மாதம் அங்கே போயிருந்தபோது, தெருவில் திரிந்த ஆடு ஒன்று வேலியோரம் வந்தது. படர்ந்திருந்த கோவைக்கொடியை இழுத்து இழுத்துத் தின்றது. ஆடாதோடை இலையை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனது. நான் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி நாக்கில் வைத்தேன். வீடு திரும்பும்வரை கசப்பு போகவில்லை. ஆடு தொடாததால் ஆடுதொடா. அதுவே வாய்க்கு வாய் மாறி ஆடாதோடை.

இந்தப் பெயர் கப்பலேறி ஐரோப்பா போயிருக்கிறது. இலங்கையில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இருந்த பால் ஹெர்மன், 1687-இல் அச்சிட்ட லெய்டன் தோட்டப் பட்டியலில் இதே பெயரைத்தான் எழுதினார். 1753-இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய 'ஜஸ்டிசியா அதடோடா' என்ற பெயரைத்தான் இன்றும் உலகம் முழுவதும் தாவரவியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

சென்ற வாரம் கோவாவில் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டாவைப் பார்த்தோம். இந்த வாரம் நம் ஊருக்கே வந்துவிடலாம். 1690-களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். 1693 ஆகஸ்டில் அவர் கையால் ஒரு விபரீதம் நடந்தது. கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு அவர் கொடுத்தது முத்துப் பொடி. ஆனால் அதை இடித்த கல்லுரலில் அதற்கு முன் பாஷாணம் இடித்திருந்தார்கள். உரலைச் சரியாகத் துடைக்கவில்லை. வீலர் இறந்துபோனார். பிரவுன் எதையும் மறைக்கவில்லை. தான்தான் கொன்றுவிட்டதாக ஆளுநருக்கு எழுதிக் கொடுத்தார். சக மருத்துவர் எட்வர்ட் பல்க்லி உடலை அறுத்துப் பார்த்தார். விசாரணை நடந்து, பிரவுன் விடுவிக்கப்பட்டார்.

அந்த பிரவுன்தான் நம் செடிகளைத் தேடி நடந்தவர். 1696 ஜூனில் கோட்டையிலிருந்து திருப்பதி போகும் வழியில் செடிகளைப் பறித்தார். ஆனி மாத வெயில். ஏரியும் தோப்பும் முட்புதருமாகக் கிடந்த பூமி. பறித்ததை உலர்த்தித் தாளில் ஒட்டி, தமிழ்ப் பெயரைக் கேட்டு ரோமன் எழுத்தில் எழுதி, எந்த நோய்க்கு ஆகும் என்பதையும் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார். லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றைப் பிரித்து வகைப்படுத்தி, 1698 முதல் ராயல் சொசைட்டியின் இதழில் தொடர்ந்து வெளியிட்டார். பெட்டிவர் 1718-இல் இறந்ததும் அவர் சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். அது இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ஐரோப்பிய மருத்துவர்களின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கிரேக்க டயாஸ்கொரிடிஸ் எழுதியதையே பதினைந்து நூற்றாண்டுகளாகப் புரட்டி வந்தவர்கள் அவர்கள். இங்கே வந்து இறங்கினால் அந்த நூலில் இல்லாத செடிகள், அதுவரை பார்த்திராத காய்ச்சல்கள். ஊர்க்காரர் வாயைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கேட்கத் துணிந்ததற்காக பிரவுனை எனக்குப் பிடிக்கும்.

சொன்னவர்கள்தான் மறைந்துபோனார்கள். கொச்சியில் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்துஸ் மலபாரிகஸ்' நூலில் இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் வாக்குமூலம் அவர் பெயரோடு அச்சாகியிருக்கிறது. சென்னைப் பக்கத்து வைத்தியருக்கும், விறகு பொறுக்கப் போன இடத்தில் 'இது இன்ன தழை' என்று காட்டியிருக்கக்கூடிய பெண்ணுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் உச்சரித்த சொல் கடல் கடந்து தாளில் ஒட்டிக்கொண்டது. சொன்னவர் யாரென்று அங்கே கேட்பாரில்லை. எனக்கு இது ஆறவில்லை.

மறுபடி ஆடாதோடைக்கு வருவோம். அதில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தை உருவாக்கினார்கள். மருந்துக்கடையில் வாங்கும் இருமல் டானிக் பலவற்றில் அந்த மருந்து இருக்கிறது.

நான் கிளம்பும்போது நண்பரின் அம்மா நாலு இலையைப் பறித்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். “மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சு, தேன் விட்டுக் குடிப்பா. இருமல் நின்னுடும்.”

“யார் சொல்லிக் கொடுத்ததும்மா?”

“எங்க மாமியார். அவங்களுக்கு பூந்தமல்லி பக்கம். வைத்தியர்னு இல்ல, ஆனா ஊர்ல பிள்ளைக்கு ஒண்ணுன்னா அவங்களைத்தான் தேடி வருவாங்க.”

மாமியாரின் பெயரைக் கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்னார். இலை மடித்திருந்த தாளிலேயே எழுதிக்கொண்டேன்.

(தொடரும்)